மான் தின்னாத செடி

பனி உருகி இறங்கியதும் வேலி முழுசாக வெளியே தெரிந்தது. ஒரு கம்பி அறுந்திருக்கவில்லை, ஒரு கட்டை சாய்ந்திருக்கவில்லை. உள்ளே நட்ட செடார் மரக்கன்றுகளைத்தான் காணோம். தேய்ந்த விளக்குமாறு மாதிரி மொட்டைத் தண்டுகள் மணலில் குத்திக்கொண்டு நின்றன. ஹெல்மி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி பாவம், கடைசிவரை நிற்கத்தான் நின்றது. பனி அதன் உயரத்துக்குக் குவிந்து, மேலோடு கல்லாக இறுகியதும், மான்கள் கல்யாண வீட்டுக்குள் நுழைவது போல அதன்மேலேயே நடந்து உள்ளே போயிருக்கின்றன. பிறந்ததிலிருந்து இந்தப் பனியிலேயே கிடப்பவள், வேலி போடும்போது பனியை மறந்துவிட்டாள். வெயில் காலத்தில் யோசித்தால் வெயில் காலத்து அளவுக்குத்தான் புத்தி போகிறது.

அவளுடைய வீடு சுப்பீரியர் ஏரிக்கு மேலே மணல்மேட்டில் இருந்தது. அலை கீழே அரிக்க, மேடு மேலிருந்து சரிய, ஆண்டுக்கு ஆண்டு விளிம்பு வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. போன அக்டோபர் புயலில் சவுனா போய்விட்டது. அவள் புருஷன் ரெய்னோ தன் கையால் கட்டிய வெந்நீராவிக் குளியலறை அது. காலையில் பார்த்தால் அடுப்புக் கற்கள் மட்டும் கீழே கரையில் சிதறிக் கிடந்தன. சவுனாவுக்கு அடுத்து இருப்பது வீடுதான். அந்த வீட்டை வாங்க எவனும் வரமாட்டான். கருங்கல் சுவர் எழுப்புவதெல்லாம் அவர்களைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியமில்லை. சரிவைப் பிடித்து நிறுத்த வேர் வேண்டும். அந்த வேர் இந்த மண்ணுக்குரியதாக, இந்தக் குளிரில் சாகாததாக, மான் வாய் வைக்காததாக இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்த ஒரு செடிக்காக அவள் நாற்றுப் பண்ணை பண்ணையாக அலைந்தாள். ‘மான் அதிகம் தொடாது’ என்று எழுதிய அட்டைகளைப் பார்த்தாலே இப்போது அவளுக்கு எரிச்சல் வந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துவிடும். பனி விலகாத மார்ச் மாதத்து மானுக்கு அட்டை படிக்க எங்கே நேரம்?

இதில் பெரிய வேடிக்கை, அந்த மான்களை வரவழைத்ததே அவள்தான். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன ரெய்னோவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஏரிப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தபோது, அவர் பேசவில்லை, அவளைப் பார்க்கவுமில்லை. ஒரு நாள் வெளியே ஒரு பெட்டை மான் வந்து நின்றது. ரெய்னோ இடது கையை நீட்டி, “வாம்மா” என்றார். ஹெல்மி கையிலிருந்த காப்பியைக் கொட்டிக்கொண்டாள். அன்றே போய்ச் சோள மூட்டை வாங்கிவந்து ஜன்னலுக்கடியில் இறைத்தாள். நவம்பர் பிறந்தால் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய், குளிர்பெட்டி நிறைய மான் இறைச்சியோடு திரும்பிய மனுஷர், ஜன்னலைத் தள்ளித் திறந்து மானைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் அந்த ஒரு சொல்தான் வந்தது. கல்யாணமான புதிதில் சவுனாவுக்குள் நீராவி பொங்கும்போது அவளை அப்படித்தான் கூப்பிடுவார். இப்போது அது அவளுக்கில்லை. ஒரு மான்மேல் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெய்னோவின் தங்கை இர்யா வந்தாள். ஊருக்குள் தனியாக இருப்பவள், வாய் கொஞ்சம் அதிகம். மொட்டைத் தண்டுகளைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதுவே ஹெல்மிக்குப் பயமாக இருந்தது.

“அண்ணி, தெனம் பந்தி வச்சுக் கூப்புடுறதும் நீங்க, வந்தவன் தின்னுட்டான்னு அழுவுறதும் நீங்க. சோளத்த நிறுத்துங்க. அதுகளா வேற பக்கம் போயிரும்.”

“அவரு அதுககிட்ட மட்டுந்தான் பேசுறாரு, இர்யா.”

“பேசுறதுக்கு ஒரு வீடு வேணாமா?”

இர்யா ஒரு மொட்டைத் தண்டைக் காலால் தள்ளினாள். பிறகு, மின்கம்பிக்கு அடியில் மரம் வெட்டிய பொட்டலில் இனிப்புப் பெரணி மண்டிக் கிடக்கிறதே, அதை யோசித்தீர்களா என்று கேட்டாள். அது பெரணியும் இல்லை, இனிப்பும் இல்லை. முழங்கால் உயரப் புதர். இலையைக் கசக்கினால் மருந்துக்கடை வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கே மான் ஒதுங்கிப் போகும். வெறும் மணலில் பக்கவேர் ஓட்டிப் பரவும். நாற்பது ஆண்டுகளாக அந்த வழியே போய்வந்தும் ஹெல்மி அதை ஒரு செடியாக நினைத்ததே இல்லை.

அதைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. மொட்டு விரிவதற்கு முன், வேரோடும் மண்ணோடும் பாளம் பாளமாக வெட்டி எடுக்கவேண்டும். இரண்டு பெண்களும் தரையின் மேல்மண் இளகியதும் மண்வெட்டியோடு போனார்கள். பாளங்களைப் பழைய பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிச் சேற்றில் இழுத்தார்கள். இர்யாவின் ஒரு பூட்ஸ் சேற்றோடு போனது. அன்றைக்கு ஹெல்மி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதமாயிற்று அவள் சிரித்து. சரிவில் பாளங்களைப் பதித்து, உருளாமலிருக்கக் கரையிலிருந்து சவுனா அடுப்புக் கற்களைப் பொறுக்கிவந்து முட்டுக் கொடுத்தாள். ரெய்னோ பொறுக்கிச் சேர்த்த கற்கள். ஒவ்வொன்றும் புகையேறிக் கறுத்திருந்தது.

மான்கள் வந்தன, முகர்ந்தன, தும்மாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரு குச்சியைக்கூடக் கடிக்கவில்லை. ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் பாளங்கள் பிளந்து கிடந்தன. கரையிலிருந்து ஜன்னலடிச் சோளத்துக்கு வருகிற வழி அந்தச் சரிவுதான். தின்னாவிட்டால் என்ன, மிதிக்கக் காலில்லையா? ஹெல்மி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மான் தின்னாத செடியைக் கண்டுபிடித்தாயிற்று. மான் மிதிக்காத செடி என்று ஒன்றை ஆண்டவன் படைக்கவில்லை.

அன்றோடு சோளத்தை நிறுத்தினாள். மிச்ச மூட்டையை இர்யாவின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். மறுநாள் ரெய்னோ ஜன்னல் சட்டத்தில் இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த நாளும் தட்டினார். அவள் பாத்திரம் கழுவுகிற பாவனையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு தட்டுவது நின்றுவிட்டது. வாரக் கடைசியில், அதுவரை பாதியை மிச்சம் வைக்கிறவர், தட்டைத் துடைத்தது போலக் காலி செய்ய ஆரம்பித்தார். ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி வைத்தால் ஒரு துணுக்கு மிஞ்சுவதில்லை. சாப்பாடு இறங்குகிறது, மனம் தேறிவிட்டது என்று நினைத்து அவள் ரொட்டியைக் கூடுதலாகச் சுட்டாள். அவர் முன்னே தட்டை வைத்துவிட்டு நிம்மதியாகச் சரிவுக்குப் போனாள்.

ஆனால் மான்கள் வருவது நிற்கவில்லை. பாளங்களை மறுபடி பதிப்பாள், மறுபடி பிளந்து கிடக்கும். பழகிய கால் அல்லவா, மறக்க நாளாகும் என்றாள் இர்யா. வாரம் ஒருமுறை வருகிற நர்ஸ் ரெய்னோவின் கால்சட்டை இடுப்பில் நிற்காததைப் பார்த்து எடை போட்டாள். இவ்வளவு குறைந்திருக்கிறதே, சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். தட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று ஹெல்மி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். நர்ஸின் முகம் மாறியது. அப்படியானால் உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுங்கள் என்றாள். அந்த வாரம் முழுக்க ஹெல்மிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. போவதில் வீடு முந்துமா, அவர் முந்துவாரா என்று மனசு கேட்டது. அப்படிக் கேட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வடக்கிலிருந்து காற்றடித்த ஒரு காலை. ஏரி சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. காலைச் சாப்பாட்டை அவருக்கு வைத்துவிட்டு அவள் கரைக்கு இறங்கினாள். ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே பார்த்தபோது, முதல்நாள்தான் பதித்த பாளத்தை இரண்டு மான்கள் குளம்பால் கிழித்துக்கொண்டு ஏறின. பாளம் கவிழ்ந்து உருண்டு அவள் காலடியில் வந்து விழுந்தது. அதில் வெள்ளையாக ஒரு புது வேர் விட்டிருந்தது. அவளுக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. கல்லைப் போட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பாளங்களைத் தானே மிதித்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே ஓடினாள். வாயில் வந்ததையெல்லாம் கத்தினாள். மான்கள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தன.

ஜன்னல் திறந்திருந்தது. அடியில் ஈர மணல் முழுக்கக் குளம்புத் தடம். தடங்களுக்கு நடுவே ரொட்டித் துணுக்குகள், உருளைக்கிழங்குத் துண்டு, அவள் முள் எடுத்துக் கொடுத்த மீனில் ஒரு துணுக்கு. மீனை மான்கள் தொடவில்லை. மற்றதெல்லாம் தின்று தீர்த்த மிச்சம். எத்தனை நாளாக என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. கால்சட்டை நழுவிய இடுப்புதான் நினைவுக்கு வந்தது. மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது.

“ஏங்க, பட்டினி கெடந்து அதுகளுக்குப் போட்டீங்களா?” என்றாள்.

ரெய்னோ அவளைப் பார்த்தார். மான் நிற்கிற இடத்தில், தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியோடு, மூச்சு ஆவியாகப் போக அவள் நின்றிருந்தாள். அவர் இடது கை தட்டைத் துழாவியது. நிசு ரொட்டியில் மிஞ்சியிருந்த பாதியை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

“வாம்மா,” என்றார்.

அவளைத் தெரிந்துதான் கூப்பிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் சரிவில், அவள் மிதித்துவந்த வழியே, மணல் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சவுனாக் கல் உருண்டு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஹெல்மி திரும்பிப் பார்க்கவில்லை. ஓரடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, அவர் உள்ளங்கையிலிருந்து அந்த ரொட்டியைக் கடித்தாள்.