சீமாட்டி குவால்திராதா போட்ட போப்பாண்டவர்

ரோமில் தைபர் ஆற்றுப் பாலத்தின் காவல் கோபுரம் மொந்தாரி குடும்பத்தின் கையில் இருந்தது. அதைத் தாண்டாமல் புனித பேதுரு ஆலயத்துக்குப் போக முடியாது. அங்கே போகாமல் யாரும் போப்பாண்டவர் ஆக முடியாது. அதனால் ஒரு போப் இறந்தால், குருமார்கள் ஜெபம் செய்துவிட்டு, மொந்தாரி வீட்டுச் சீமாட்டி குவால்திராதாவின் எண்ணம் என்ன என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். பதிலைக் கொண்டுபோவது அந்த வீட்டுக் குருவான நான்தான்.

ஒரு வருஷம் போப் இறந்தபோது சீமாட்டி தன் கொழுந்தன் பென்ஸோவின் பெயரைச் சொன்னார். பென்ஸோ நகருக்கு வெளியே ஒரு சின்ன ஆலயத்தில் குருவாக இருந்தார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அந்தத் தகுதி போதும் என்றார் சீமாட்டி. நாங்கள் போனபோது அவர் மொச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தனக்கு வேண்டாம் என்றார். குதிரையில் ஏற்றினோம்.

போப் ஆன சீக்கிரமே பென்ஸோ, சீமாட்டியின் மூத்த மகன் ஓத்தோவின் தலைமேல் கை வைத்து அவனை ஆயராக, அதாவது பிஷப்பாக, ஆக்கினார். இளையவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்போதுதான் போப், தன் பழைய ஆலயத்திடமிருந்து குடும்பம் பிடுங்கிக்கொண்ட மாவு ஆலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். சீமாட்டி சிரித்தார். அடுத்த ஞாயிறு போப் சீமாட்டியையும் அவர் வீட்டையும் திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டார். பூசை நின்றது, கல்யாணம் நின்றது. எனக்கும் வேலை இல்லை.

சீமாட்டி என்னையும் கூட்டிக்கொண்டு, போப் குடியிருந்த லாத்தரன் அரண்மனைக்குப் போனார். மண்டியிடவில்லை.

"பென்ஸோ, ஒன்ன இங்க உக்கார வச்சது யாரு?"

"நீங்கதான் அண்ணி. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப எறக்கவும் எனக்குத் தெரியும்."

"தாராளமா எறக்குங்க. ஆனா நான் போப்பே இல்லன்னு ஆயிட்டா, நான் கை வச்ச ஓத்தோவும் ஆயர் இல்லையே. அத அவன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இத்தனை வருஷம் ஒரே பந்தியில் சாப்பிட்ட மனிதரைச் சீமாட்டி அன்றுதான் முதலில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இவ்வளவு வெவரம் ஒனக்கு இருக்குன்னு ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே அண்ணி."

சீமாட்டி மண்டியிட்டார். எழுந்திருக்க நான் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆலை திரும்பிப் போயிற்று. கல்யாணத்தைப் போப்பே நடத்திவைத்து, விலாங்குமீன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சில வருஷம் கழித்து அவர் குளிர்காய்ச்சலில் படுத்தபோது, சீமாட்டியே பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டினார். இறந்தபோது அழுதார். ஆயர் ஓத்தோ அழவில்லை. வருகிற போப், பென்ஸோ கை வைத்த தன்னை ஆயர் என்று ஒத்துக்கொள்வாரா என்பது அவன் கவலை.