புகைக்குழாயில் போட்ட ஒட்டு

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தாள். சின்னவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஓரகத்திகளுக்குள் சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டால் சௌக்கியம் விசாரித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

மூத்தவளுக்கும் அவள் கொழுந்தனுக்கும், அதாவது சின்னவளின் புருஷனுக்கும், சேர்ந்து ஒரு விமானம் இருந்தது. விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய, மூக்கில் ஒற்றை விசிறி சுழலும், வயதான சின்ன வண்டி. பாதிப் பாதி போட்டு வாங்கி, ஊருக்கு வெளியே இருந்த சிறு விமான மைதானத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். பொழுதுபோக்காகப் பறப்பதற்கான லைசென்ஸ் இருவரிடமும் இருந்தது. “ஜன்னலுக்குத் துணி தைக்கிறவ ஜன்னலைத் தாண்டிப் போயிட்டா” என்று மூத்தவளின் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் மட்டும் ஏற மாட்டார். மாடிப்படியிலேயே கைப்பிடியை விடாத மனிதர்.

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரன். விமானத்தில் சொந்தக்காரர் எதையெல்லாம் தொடலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. எண்ணெய் மாற்றலாம், டயர் மாற்றலாம், பல்பு போடலாம். என்ஜினிலோ புகைக்குழாயிலோ கை வைக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் பெற்ற விமான மெக்கானிக்தான் வர வேண்டும், அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பலாம். அந்த மெக்கானிக்கோ சுற்றுவட்டாரத்துக்கே ஒருவர். அவரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை சின்னவள் பறக்க வந்தாள். புருஷன் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவள். அவன் வேண்டுமென்றே வண்டியைச் சாய்த்துப் பயமுறுத்துவான் என்று அவளுக்குச் சந்தேகம். “அக்கா கூடன்னா வரேன்” என்று அவளாகவே சொன்னது மூத்தவளுக்கு ஆச்சரியமாகவும், வெளியே சொல்லாவிட்டாலும், பெருமையாகவும் இருந்தது.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் மூத்தவள் பார்த்தாள். இறக்கையைத் தடவினாள், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் இல்லை. விஷவாயு உள்ளே வந்தால் கறுத்துக் காட்டும் ஒரு வில்லை முன்பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். பழையது காலாவதியாகிவிட்டதென்று அவள்தான் பிய்த்துப் போட்டிருந்தாள். புதியது வாங்க வேண்டும் என்று நினைத்தாள், கடையில் வேலை நெருக்கியது, மறந்துபோனாள். இன்றைக்கு அந்தப் பசைத் தடம் கண்ணில் பட்டது. அடுத்த முறை என்று நினைத்துக்கொண்டு என்ஜினைக் கிளப்பினாள்.

மேலே போனதும் குளிர் எலும்பைக் குடைந்தது. மூத்தவள் ஹீட்டரைத் திறந்தாள். இந்த மாதிரி விமானங்களில் அது தனிச் சாதனம் இல்லை. கொதிக்கிற புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் சூடாகிக் காலடிக்கு வரும். சின்னவள் கொஞ்ச நேரம் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு கையை விட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினாள். ஸ்டாஃப் ரூம் வம்பு, சின்ன வயதில் ராட்டினத்தில் ஏறி அழுதது, அவளுடைய அப்பாவின் கோபம். அப்புறம் குரல் தேய்ந்தது.

“தலை வலிக்குதுக்கா. பயந்ததுல இருக்கும்” என்றாள்.

மூத்தவளுக்கும் நெற்றியைச் சுற்றித் துணி கட்டியது போல இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்ததுதான் என்று நினைத்தாள். சிறிது நேரத்தில் சின்னவளின் தலை அவள் தோளில் சாய்ந்தது. இவ்வளவு பயந்தவள் நம்மை நம்பித் தூங்குகிறாளே என்று மூத்தவளுக்கு மனம் இளகிவிட்டது. அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். பின்னாளில் அவளை அதிகம் வதைத்தது இந்த நினைவுதான்.

ரேடியோவில் மைதான மேலாளர் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொன்னாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள்.

“ஆத்துக்கு வடக்கேன்னீங்க, இப்ப தெற்கேங்கிறீங்க. நாக்கு வேற குழறுது. ஹீட்டர் போட்டிருக்கீங்களா?”

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். எழுத்துகள் தெரிந்தன, ஊர்கள் தெரியவில்லை. என்ஜின் பிடியின் மேலிருந்த கை வேறு யாருடையதோ போல இருந்தது. பயம் என்பதே இல்லை.

“ஹீட்டரை மூடுங்க. ஜன்னலைத் திறங்க. இப்பவே. மூடிட்டு எங்கிட்ட சொல்லுங்க.” மேலாளர் குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். குளிர்காற்று முகத்தில் அறைந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. சின்னவளைக் கூப்பிட்டாள். உலுக்கினாள். கன்னத்தில் அடித்தாள். அவள் கண் திறக்கவில்லை. மேலாளரின் குரலைப் பிடித்துக்கொண்டே ஓடுபாதைக்கு வந்தாள். வண்டி தரையில் மோதி எகிறியது, மறுபடி மோதியது, பாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் ஓடி நின்றது. ஆம்புலன்ஸ் தயாராக நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். புகை ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மத்தியானம் சின்னவள் கண் விழித்துத் தன் பெயரைச் சரியாகச் சொன்னாள். மூத்தவளுக்கு அதன் பிறகுதான் அழுகை வந்தது.

மேலாளர் போன் செய்தார். என்ஜின் மூடியைத் திறந்து பார்த்ததில், புகைக்குழாயில் யாரோ வெல்டிங் செய்து ஒட்டுப் போட்டிருப்பதாகவும், அந்த ஒட்டு ஓரத்தில் விட்டுப்போய்ப் புகை ஹீட்டருக்குள் கசிந்திருப்பதாகவும் சொன்னார். மெக்கானிக் செய்த வேலை இல்லையாம். விமானத் துறைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, ஓட்டியவர் என்ற முறையில் அவளும் அறிக்கை எழுத வேண்டும் என்றார். யாருடைய கை என்று மூத்தவளுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கொழுந்தன் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். அவள் கணவரும் உடன் இருந்தார்.

“அந்த ஒட்டைப் பத்த வச்சது நான்தான் அண்ணி. சின்னக் கீறல். மெக்கானிக்குக்காகக் காத்திருந்தா குளிர்காலமே போயிடும்னு பாத்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க பறக்க மாட்டீங்க.”

அது உண்மைதான். அவன் அழுதான். செத்துப் பிழைத்தவள் என் பெண்டாட்டி, இதைவிட எனக்கு யார் தண்டனை தர முடியும் என்றான். வாங்கும்போதே அந்த ஒட்டு இருந்திருக்கலாம் என்று எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினான். கணவரும் தம்பி பக்கம்தான் பேசினார். வீட்டுக்குள் நடந்ததை வீட்டோடு முடித்துக்கொள்ளலாம், வெளியே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

“உன் லிஃப்ட்ல வாட்ச்மேன் கை வச்சா விடுவியா தம்பி?” என்று கேட்டாள். கதவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய ஒரு வாட்ச்மேனை அவன் கட்டடமே கூடும்படி திட்டித் தீர்த்த கதையை அவனே சொல்லியிருக்கிறான்.

கேட்டுவிட்டாளே தவிர, அவளும் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை. உண்மையில் அவன் சொன்னபடியே எழுதிவிடலாம் என்ற பக்கம்தான் மனம் சாய்ந்தது. பிய்த்துப் போட்ட வில்லையைப் பற்றியும் அதே அறிக்கையில் எழுத வேண்டுமே. அவன் தப்பை மூடினால் தன் தப்பும் கூடவே மூடிக்கொள்ளும்.

படுக்கைக்குத் திரும்பியபோது சின்னவள் மூக்கிலிருந்த மூடியை விலக்கிவிட்டுக் கையைக் காட்டி அருகில் அழைத்தாள். வராந்தாவில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

“போன மாசம் அவர் வெல்டிங் மெஷினை இன்னொரு தடவ எடுத்துட்டுப் போனாருக்கா. பக்கத்துக் கொட்டகைத் தபால்காரர் வண்டிக்கு.”

தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை மனைவியை ஏற்றிக்கொண்டு மகளைப் பார்க்கப் பறக்கப் போவதாக மைதானத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“நீயே சொல்லலாமே” என்றாள் மூத்தவள்.

“நான் சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டையாப் போயிடும். நீங்க சொன்னா பைலட் சொன்னதா இருக்கும்.”

மூத்தவள் வராந்தாவுக்குப் போய்க் கொழுந்தனிடம் போனை நீட்டினாள். நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு என்றாள்.

“அது நல்லா பிடிச்ச ஒட்டு அண்ணி. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“இதையும் அப்படித்தான நெனச்ச?”

அவன் போனை வாங்கினான். தபால்காரரின் எண்ணை எடுத்தான். அழுத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவன் எதிரிலேயே மேலாளரை அழைத்தாள். எங்கள் வண்டியில் ஒட்டுப் போட்டது என் கொழுந்தன், தபால்காரர் வண்டியிலும் அவன்தான் போட்டிருக்கிறான், அதைக் கிளம்ப விடாதீர்கள் என்றாள். கணவர் படியிறங்கிப் போய்விட்டார்.

விமானத் துறையிலிருந்து வந்த அதிகாரி மரியாதையான மனிதர். குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். வில்லை எங்கே என்று கேட்டார். மூத்தவள் சொன்னாள். அவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. கொழுந்தனின் லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள், திரும்ப வேண்டுமானால் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். சேதி லிஃப்ட் கம்பெனிக்கும் போனது. அவனைக் கட்டடங்களிலிருந்து எடுத்துவிட்டுக் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டார்கள்.

தபால்காரர் வண்டியின் குழாயைக் கழற்றி அனுப்பிப் பரிசோதித்தார்கள். ஒட்டு கல் மாதிரி உறுதியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை.

இருந்தாலும் சட்டப்படி செய்த வேலை இல்லையென்று புதுக் குழாய் போடும்வரை வண்டியை எடுக்க விடவில்லை. புதுக் குழாய் வர வசந்தம் ஆகிவிட்டது. தபால்காரர் மூத்தவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொழுந்தன் அண்ணனிடம் சொன்னானாம், அண்ணி என்னைக் காட்டிக் கொடுத்தது ஒன்றுமில்லாததுக்குத்தான் என்று. கணவர் அதை அவளிடம் வந்து அப்படியே ஒப்பித்தார். அவர் எந்தப் பக்கம் என்று அவளும் கேட்கவில்லை. ஜன்னல் ஜோக்கை அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

சரியாகத்தான் செய்தோம் என்று தைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றும். துணியை மடித்து வைக்கும்போது அந்தக் கல் மாதிரி ஒட்டு நினைவுக்கு வரும். அது உறுதியாக இருக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே வாதாடுவாள். அவனுக்குத் தெரிந்திருந்ததே என்று உள்ளே இன்னொரு குரல் சொல்லும்.

சின்னவள் இப்போதெல்லாம் பள்ளி விட்டதும் கடைக்கு வந்துவிடுகிறாள். துணியின் ஓரத்தைப் பிடித்துக் கொடுப்பாள், ஊசியில் நூல் கோர்ப்பாள். நடந்ததைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும், கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறேன், அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது என்றாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். மூத்தவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோடையில் மூத்தவள் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். விமானத்தை விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் போனாள். அவன்தான் கதவைத் திறந்தான். “வாங்கண்ணி” என்றான், வாய் மட்டும் சொன்னது. கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

அவன் எழுந்து போய் டீயை வாங்கிவந்து மேஜையில் வைத்தான்.

“வருஷம் முடியட்டும்” என்றான். “பரீட்சை எழுதுறேன். அப்புறம் பேசலாம்.”

கோபத்தில் சொன்னானா, இறங்கி வந்து சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சரி என்றாள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வண்டி இப்போதும் கொட்டகையில்தான் நிற்கிறது. மெக்கானிக் வந்து புதுக் குழாய் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சும்மா நின்றால் என்ஜின் கெட்டுவிடும் என்பதால் மூத்தவள் வாரம் ஒருமுறை போய், வெளியே தள்ளி நிறுத்திக் கிளப்புகிறாள். சூடு ஏறும்வரை உள்ளே உட்கார்ந்திருப்பாள், ஜன்னல் இரண்டும் திறந்திருக்கும். பிறகு அணைத்துவிட்டு, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.