மார்லி கேட்ட ஒன்று

மார்லிக்குப் பதினாலு வயது. எட்டாம் வகுப்போடு அவள் படிக்கும் பள்ளி முடிகிறது. செப்டம்பரில் ஏரிக்கரையோரம் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் திடுதிப்பென்று புது இடத்தில் போய் நின்றால் தாங்கமாட்டார்கள் என்று, ஏப்ரல் மாதமே அவளுடைய ஆசிரியை மிஸ் கோவால்ஸ்கி ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமைதோறும் இருவரும் அங்கே போய் வந்தார்கள்.

முதல் வாரம் வெறும் நடை. இரண்டாம் வாரம் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம். அது உறுமியதும் மார்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "காகிதத்துல துடைச்சுக்கோ, போதும். இதைத் தொட்டே ஆகணும்னு சட்டமா இருக்கு?" என்றார் மிஸ். நான்காம் வாரம், சத்தத்தை அடைக்கும் பெரிய காதுமூடியை மாட்டிக்கொண்டு மணியடிக்கும் நேரத்தில் தாழ்வாரத்தைக் கடந்தாள். உயரமான பையன் ஒருத்தன் வழிமறித்தான்.

"ஏய், காதுல என்ன, ஏர்போர்ட்ல வேலையா? பிளேன் எத்தனை மணிக்கு?"

"இந்த ஊர்ல ஏர்போர்ட் கிடையாது. டுலூத்லதான் இருக்கு" என்றாள் மார்லி.

அவன் கூட்டாளிகள் அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

பழைய பள்ளியில் மதியச் சாப்பாடு அவளுக்கு அமைதி அறையில். விளக்கு மங்கலாக இருக்கும். மடியில் வைத்துக்கொள்ளக் கனமான துணிப்பை உண்டு. பக்கத்து பீன் பேக் மெத்தையில் ஒடெட் என்றொரு பெண் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஒடெட் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து இந்தப் பக்கம் வைப்பாள். மார்லி ஊறுகாய் வெள்ளரித் துண்டை அந்தப் பக்கம் நகர்த்துவாள். ஒடெட் ஏதோ பாட்டை மெல்ல முனகிக்கொண்டே சாப்பிடுவாள். உலகத்தில் மார்லிக்குக் காதை மூடத் தோன்றாத சத்தம் அது ஒன்றுதான்.

மே கடைசியில் கூட்டம் போட்டார்கள். அம்மா, மிஸ், புதுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மாள், நடுவில் மார்லி. கதவோரம் இருக்கை, மணியடிக்க இரண்டு நிமிஷம் முன்னாலேயே கிளம்ப அனுமதி, பேச வராதபோது காட்ட ஒரு ஆரஞ்சு அட்டை. எல்லாம் படிவத்தில் ஏறியது.

"உனக்கு வேற என்னம்மா வேணும்? நீயே சொல்லு" என்றார் புதுப் பள்ளி அம்மாள்.

"ஒடெட்."

பேனா நின்றது. அம்மா மிஸ்ஸைப் பார்த்தாள்.

"ஒடெட் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்டா. அவளுக்கு வேற ஸ்கூல்" என்றார் மிஸ்.

"எழுதுங்க."

"இதுல ஆளை எழுத முடியாது, கண்ணு" என்று அம்மா அவள் கையைத் தொட வந்தாள். மார்லி கையை இழுத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. இருக்கை கதவோரம் இருந்தது. அட்டையைக் காட்டினால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அங்கேயும் ஒரு அமைதி அறை. பழையதைவிடப் பெரியது, மூன்று பீன் பேக்குகள். மற்ற இரண்டிலும் யாரும் உட்காரவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று அம்மா தினமும் கேட்டாள்.

"சத்தமே இல்ல" என்றாள் மார்லி ஒருநாள்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே மிஸ் கோவால்ஸ்கிக்குப் போன் போட்டு, "நீங்க பட்ட பாடு வீண்போகல" என்றாள். மார்லி மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொன்னது ஒடெட்டின் சத்தத்தை என்று விளக்க அவளிடம் வார்த்தை இல்லை.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, அவள் அமைதி அறையைத் தாண்டி நடந்தாள். மிஸ்ஸோடு ஒத்திகை பார்த்ததைப்போல, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போய் நின்றாள். தட்டுகளின் சத்தம் பல்லுக்குள் கூசியது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாலு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினாள். மறுநாள் ஐந்து. வெள்ளிக்கிழமை ஏழு.

பரிமாறுகிற பெண்மணி கரண்டியோடு எட்டிப்பார்த்தாள். "என்னடியம்மா, வாரம் பூரா பாக்குறேன். உள்ள வர்றியா, வெளிய போறியா?"

மார்லி ஒரு காதுமூடியை மட்டும் லேசாகத் தூக்கினாள்.

"இன்னும் தெரியல" என்றாள்.

"சரி, ஓரமா நில்லு. வர்றவங்க இடிச்சுடப் போறாங்க."

மார்லி ஓரமாக நகர்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.