தனக்கோடி எழுப்பிய நாலு சுவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. வேப்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பீங்கான் தொழிற்சாலை ஆள் ஒருவன் வெள்ளத்தில் வீடு போனவளுக்குச் சுவர் வைத்துக்கொடுத்த கூத்தைப் பக்கத்திலிருந்தவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பாதியில் பஸ் வந்துவிட்டது. முடிவைக் கேட்காமல் ஏறிவிட்டேன். ஆகவே இனி வருவதில் பாதி என் கைச்சரக்கு.

வருஷம் 1972 என்று வைத்துக்கொள்கிறேன். ஊர் விருத்தாசலம்.

2

மழை விட்ட மூன்றாம் நாள் மணிமுத்தாறு செந்நிறமாகப் பெருகி

வேண்டாம். ஆற்றில் ஆரம்பித்தால் கதை முழுக்க ஆறுதான் ஓடும்.

வீடு இடிந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அதற்குள் காலி செய்ய வேண்டும் என்று தகவல் வந்தது. தொழிற்சாலையில் கப்புக்கு மண் பிசையும் தனக்கோடி அத்தனை பேர் நடுவில் வாயை விட்டான்.

"இருவது வருசமா மண்ணோட கெடக்கறேன். காசில்லாம, கெடக்கற மண்ணுலயே ஒரு வாரத்துல ஒரு ரூமு எழுப்பிக் காட்டறேன்."

வீடு போய் அங்கே தங்கியிருந்த நிறைமாதக்காரி ஆராயி அதை நம்பினாள். அழைத்துப்போக வந்த சேத்தியாத்தோப்பு அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அக்கா கோபித்துக்கொண்டு போனாள்.

(ஆராயியின் புருஷன் லாரி கிளீனராக வடக்கே போயிருக்கிறான். அவனை உள்ளே விட மாட்டேன். வந்தால் தனக்கோடி நழுவிவிடுவான்.)

3

முதலில் எழுதிய படியில் தனக்கோடியை ஆராயிக்குச் சித்தப்பா மகனாக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். அக்கறைக்கு உறவு எதற்கு? வீறாப்பாகப் பேசிவிட்டான், அது போதும்.

மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கொண்டுவந்து கொட்டினான். சலித்தான். மறுபடியும் சலித்தான். மணல், சரளை, வேர், வைக்கோல் துணுக்கு எல்லாம் ஒரு பக்கம் குவிந்தது.

"வைக்கோலு போட்டு மிதிக்கலியாண்ணே?"

"கப்பு மண்ணுல ஒரு தூசி வுழுந்தா மேஸ்திரி வூட்டுக்கு அனுப்பிடுவாரு. நீ சும்மா இரும்மா."

இடுப்புயரச் சுவர் புதன்கிழமை மழமழவென்று நின்றது. வெள்ளிக்கிழமை வெயிலில் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. கப்பு வேறு, சுவர் வேறு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போது எனக்கே அவன்மேல் ஆத்திரமாக வந்தது.

ஆராயி திட்டவில்லை. ஒதுக்கிய குவியலைக் காட்டினாள்.

"ஏரிக்கரை ஒடைஞ்சா என்னா வெச்சி அடைக்கறாங்க? சாக்குல மண்ணத்தான? நிவாரண அரிசி வந்த சாக்கு அம்மாங் குவிஞ்சி கெடக்குது."

உடைந்த சுவரையும் குவியலையும் கலந்து சாக்குகளில் நிரப்பினார்கள். அவள் சாக்கின் வாயைத் தைத்தாள், அவன் அடுக்கி, கட்டையால் அடித்து இறுக்கினான். ஞாயிறு மதியம் மேலே கீற்று ஏறியது. கையைக் கழுவுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

4

ஒரு முடிவில் சுவர் நின்றது, குழந்தைக்கு அவன் பேரையே வைத்தார்கள். எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் அடிவரிசை சரிந்தது. அதற்குக் கை வரவில்லை.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். ஆராயி பள்ளிக்கூடத்து வாசலில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"மொதல்ல நான் குந்திப் பாக்கறேன்" என்று தனக்கோடி உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு சாக்கு லேசாக நகர்ந்தது. நகர்ந்தது சாக்கா, தன் முதுகா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நிக்குதாண்ணே?" என்று மழைக்கு மேல் கத்தினாள் ஆராயி.

"..............................."

மேலே அவனுக்காக இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள். அவன் என்ன சொன்னாலும் அவள் மறுபடியும் நம்பிவிடுவாள்.