இரண்டு டப்பாவிலும் மூளை

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு மறுபடியும் கழற்றினார். ஏதோ மகத்தான விஷயம் வரப்போகிறது என்று, மனைவியோடு எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, நாலு வாரமா நீங்க சாப்பிட்டது மருந்தே இல்ல. வெறும் மாவு!"

மன அழுத்தத்தால் வரும் பதட்டத்துக்கு, மூட்டு வீக்கத்தைக் குறைக்கிற மருந்து உதவுமா என்று ஆராய்பவர் அவர். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மாவு. யாருக்கு எது என்பது கடைசி நாளில்தான் தெரியும்.

"வயிறு எரியுதுன்னு வேற சொன்னீங்க. மனசோட வல்லமையப் பாருங்க, மாவு கூட எரியுது!" என்று சிரித்தார். உதவியாளர்கள் இருவரும் சம்பளத்துக்குத் தக்கபடி சிரித்தார்கள்.

தையல்காரரின் மனைவி சிரிக்கவில்லை. அவள் முகம் மெல்ல மலர்ந்தது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினொரு வருடம் ஃபோன் எடுத்தவள். ஒருநாள் மணி அடித்தது, கை போகவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதமாக, வீட்டில் ஃபோன் அடித்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். போன வாரம் அடித்தபோது கதவு வரைதான் போனாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாமா என்று இப்போது யோசிக்கிறாள்.

பஸ்ஸில் அவள் கணவரின் கையை விடவேயில்லை. "மாத்திரை இல்லீங்க. நானேதான் சரியாயிருக்கேன். நானே!"

மிச்ச மாத்திரைகளை நாளைக்குத் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் தரையில் உட்கார்ந்து டப்பாக்களை எடுத்தார்.

எதைப் பார்த்தாலும் பட்டன் டப்பாவில் போட்டு வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தன் முட்டி வலி மாத்திரைக்கு மூடியில் சாக்கட்டியால் 'மு'. அவளுடைய மூளை மாத்திரைக்கு 'மூ'. ஆனால் முப்பது வருடமாக எந்தக் கோட்டின் நுனியிலும் ஒரு சுழி சுழித்தே பழகிய கை. இரண்டு மூடியிலும் 'மூ' என்றே இருந்தது. இரண்டு டப்பாவிலும் மூளை. முட்டிக்கு இடமே இல்லை. முதல் நாள் ஆளுக்கொன்றை எடுத்தார்கள், அதுவே பழகிவிட்டது.

அவள் டப்பாவைத் திறந்தார். உள்ளே நடுவில் கோடு போட்ட மாத்திரைகள். அவருடையவை, மூட்டு வீக்கத்துக்கானவை.

சொன்னால் அந்த 'நானே' போய்விடும். மறுபடி குளியலறை, மறுபடி தாழ். சொல்லாவிட்டால்? பேராசிரியர் மாவின் புகழை ஊர் ஊராகப் பாடுவார்; பாடிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வயிறு நிஜமாகவே எரிந்திருக்கிறது.

"இங்க வாயேன்மா" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் இல்ல."

"யாரு கண்டா? மாத்திரையோ, நீயோ, ரெண்டும் சேந்தோ. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வயித்துக்கு நாளைக்கே டாக்டரப் பாத்துடுவோம். எந்திரிச்சது நீதான், அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவளுடைய குனிந்த பார்வை அவர் காலில் போய் நின்றது.

"என்னங்க, சப்பணம் போட்டு உக்காந்திருக்கீங்க?"

அவரும் குனிந்து பார்த்தார். இரண்டு வருடமாக மடங்காத முட்டி, சமர்த்தாக மடங்கியிருந்தது.

"ஒரு மாசமா மாவத் தின்னுட்டு முட்டி சரியாப் போச்சா! உங்களுக்கு மூளை அங்கதான் இருக்கா?"

"டப்பாலயே எழுதியிருக்கே!"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் மிஷின் மேலிருந்த ஃபோன் அடித்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. இரண்டாவது மணிக்குச் சிரிப்பு நின்றது. அவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். மூன்றாவது மணிக்கு எடுத்துவிட்டாள்.

பேராசிரியர்தான். மாவு அதிசயத்தைப் பற்றி அடுத்த வாரம் மாநாட்டில் பேச அவளிடம் அனுமதி வேண்டுமாம். தான் சொல்லிக்கொள்வதாகத் தையல்காரர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"டாக்டர், முதல்ல உக்காருங்க" என்றாள், பதினொரு வருடத்து அதே குரலில். "பதட்டப்படாம, நான் சொல்றத நிதானமா கேளுங்க."