ஆட்டத்துக்கு வருகிறவர்கள்

வெல்டனில் யாரைக் கேட்டாலும் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன் என்றுதான் சொல்வார்கள். நம்பிவிடக் கூடாது. அந்த ஊரில் ஆட்டத்துக்குப் போவது என்றால் மைதானத்துக்குக் கிழக்கே இருக்கும் புல்வெளிக்குப் போவது. வண்டியை நிறுத்திப் பின்கதவை இறக்கி, கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை தின்று குடித்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவது. நடுவில், மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு கால்பந்து ஆட்டமும் நடக்கும். பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை நாலு பேர் விழுந்து அமுக்குவதுதான் ஆட்டம். வெல்டன் பல்கலைக்கழக அணிக்குக் கொக்குகள் என்று பெயர். எப்போது பார்த்தாலும் அந்தக் கொக்குகள்தான் அடியில் அமுங்கிக் கிடந்தன. அதை உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க யாருக்கு மனசு வரும்? புல்லிலேயே ரேடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு திட்டித் தீர்ப்பார்கள்.

"போன வாரம் ஆட்டத்துக்கு வந்தியா? ஆளையே காணோம்?"

"வராம? ஹாங்க் கூடாரத்துல விலாக்கறி தின்னுக்கிட்டிருந்தேனே. உன் கண்ணு எங்க போச்சு?"

இதுதான் அந்த ஊர்ப் பேச்சு. அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. வெளியூர்க்காரனுக்குத்தான் விளங்காது.

லியோனா கெஸ்லர் அதே ஊரில் பிறந்தவள். அங்கேயே படித்து மாட்டு டாக்டர் ஆனவள். புருஷன் வெர்னை முதன்முதலில் பார்த்ததும் அந்தப் புல்வெளியில்தான். பெரிய மரத்தடியில் ஒருவன் புகையடுப்போடு மல்லுக்கட்டி, கறியைக் கரியாக்கிவிட்டுக் கண் எரிய நின்றான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் ஒரே மகன், கோல்பி. கொக்குகள் அணியில் பந்தை வாங்கி ஓடுகிற இடம் அவனுக்கு. அவன் ஆடிய காலத்தில் மட்டும் புல்வெளிக்காரர்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள்.

கடைசி வருஷப் படிப்பில், ஒரு குளிர்காலத்துக் காலையில், உறைபனி படிந்த பாலத்தில் அவன் வண்டி வழுக்கி ஆற்றில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். வெர்ன் உள்ளே போனான். லியோனா வாசலைத் தாண்டவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். ஊரில் எத்தனையோ கன்றுகளை, செத்ததும் பிழைத்ததுமாக, வெளியே இழுத்துப்போட்ட கை, அன்று கதவுப் பிடியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு வெர்ன் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வீட்டிலும் வாய் திறப்பதை விட்டுவிட்டான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. ஆனால் இலையுதிர் காலம் வந்தால் சனிக்கிழமை காலையில் புகையடுப்பை வண்டியில் கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடுவான். அங்கே அவன் சிரிப்பதை லியோனா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது ஆறுதல். கொஞ்சம் எரிச்சலும்கூட, ஏனென்றால் வீட்டில் அவளுக்கு அந்தச் சிரிப்பு கிடைப்பதில்லை.

இப்படி இருக்கையில்தான் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநராக ட்ரென்ட் மெக்கேப் வந்தார். ஃபுளோரிடாக்காரர். பற்களெல்லாம் வரிசையாக இருக்கும். மைதானத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து ஒற்றைக்காலில் நின்றார். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் முடியாது என்றார்கள். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த லியோனா ஒருத்திதான் எந்தப் பக்கமும் பிடிகொடுக்காமல் இருந்தாள். அவளைத் தேடிக்கொண்டு, பளபளப்பான ஷூவோடு மாட்டுக்கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"டாக்டர், ஒரு நிமிஷம் இந்தப் படத்தைப் பாக்கறீங்களா?"

"என் கை எங்க இருக்குன்னு தெரியுதுல்ல?" என்றாள் லியோனா. கை தோள்வரை ஒரு சினைப்பசுவுக்குள் இருந்தது.

"நானே புடிச்சுக் காட்டறேன். ஆட்டத்தன்னைக்கு மைதானத்தையும் புல்வெளியையும் மேலேருந்து எடுத்த படம். எவ்வளவு கூட்டம் பாருங்க! ஆனா உள்ள பாதி நாற்காலி காலி. ஏன்? நாற்காலி ஒடஞ்சிருக்கு, கழிப்பறை நாறுது, வெயிலுக்கு மறைவில்ல. நல்லாக் கட்டினா இத்தனை ஜனமும் உள்ள வந்துடும். வீடு வீடா ஆளனுப்பிக் கேட்டோம், ஆட்டத்துக்கு வருவீங்களான்னு. தலைமுறை தலைமுறையா தவறாம வர்றோம்னாங்க!"

லியோனாவுக்குச் சிரிப்பு வந்தது. பசு முதுகில் நெற்றியை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"பெரிய மைதானம் இருந்தாத்தான் பெரிய அணிகளோட கூட்டமைப்புல நம்மளைச் சேத்துக்குவாங்க. இல்லைன்னா இந்த அணியை நாளைக்கோ மறுநாளோ இழுத்து மூடிடுவாங்க, டாக்டர்."

"அதில்ல ட்ரென்ட், இந்த ஊர்ல ஆட்டம்னா…" என்று ஆரம்பித்தாள்.

"கிழக்குப் பக்கத்துல ஜனம் உக்காந்து பாக்கப் புதுசாக் கட்டப்போற மாடத்துக்கு உங்க மகன் பேரை வைக்கலாம்னு இருக்கோம். கோல்பி கெஸ்லர் மாடம்."

அந்த வாக்கியத்தை லியோனா முடிக்கவே இல்லை. கையை மெல்ல வெளியே எடுத்தாள். வாளித் தண்ணீரில் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"கிழக்குன்னா புல்வெளி மேலதானே கட்டணும்?" என்று ஒருவழியாகக் கேட்டாள்.

"அவங்களுக்கு ஆத்தோரமா தார் போட்டு இடம் தர்றோமே. வண்டி நிறுத்த வசதியா இருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது வெர்ன் கொல்லையில் உட்கார்ந்து புகையடுப்பின் கம்பித்தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"அவன் பேரு எனக்குத் தெரியும். எழுதி வச்சுத்தான் படிக்கணுமா?"

"நமக்குத் தெரியும். ஊருக்கு? இன்னும் கொஞ்ச வருஷம் போனா யாரு நினைவுல வச்சிருப்பா?"

"புல்லுல வந்து பாரு. ஹாங்க் வாராவாரம் அவன் ஓடின கதையைச் சொல்றான். ஒவ்வொரு வாட்டியும் பய இன்னும் கொஞ்சம் தூரம் ஓடறான். போன வாரம் எட்டுப் பேரைத் தள்ளிட்டு ஓடினான். எதிர்ல மொத்தமே பதினோரு பேருதான்." சொல்லும்போது அவன் வாயோரம் லேசாகச் சிரித்தது. அப்புறம் தட்டைக் கீழே வைத்தான். "லியோனா, எனக்குன்னு இருக்கிறது வாரத்துல அந்த ஒரு நாள். அதுல கை வைக்காதே."

வருஷக்கணக்கில் அவன் அவளிடம் சேர்ந்தாற்போல் இத்தனை பேசியதில்லை. அவள் அதைக் கேட்டாள். கேட்டும் என்ன? பெற்றவளுக்கு அந்தப் பெயரைப் பெரிதாக, ஊர் முழுக்கப் பார்க்கும்படி பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. பசிக்கிறவளிடம் வேறெதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ட்ரென்ட் அந்தப் படத்தைச் சுவரளவுக்குக் காட்டினார். கலர் கலராகக் கூடாரங்கள், புகை, ஜனம். நடுவில் பெரிய மரமும் தெரிந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லியோனா பக்கம் திரும்பினார்.

"டாக்டர் கெஸ்லர், நாங்கல்லாம் வந்து போறவங்க. இந்த ஊர்க்காரங்க நீங்கதான். நீங்க சொல்லுங்க, இவங்கல்லாம் யாரு?"

அறை முழுக்க அவள் வாயையே பார்த்தது. ஆட்டம் என்ற ஒரே ஒரு வார்த்தைக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அது அவளுக்குத் தெரிந்தது.

"இவங்க எல்லாரும் ஆட்டத்துக்கு வர்றவங்க," என்றாள்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. வெல்டனில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தவள் மகன் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். இது சந்தோஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மரத்தை முதலில் வெட்டினார்கள். வெர்ன் பார்க்கப் போகவில்லை. கூட்டத்தில் யார் ஆதரவாகக் கையைத் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று கேட்கவும் இல்லை. அவள்தான் காத்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை திட்டமாட்டானா என்று.

மாடம் எழும்பியது. பச்சை நாற்காலிகளின் நடுவே வெள்ளை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு கோல்பி கெஸ்லர் என்று எழுதியிருந்தார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணில் அறைகிற மாதிரி இருக்கும். யார் வேலையோ, யோசித்திருக்க வேண்டாமா? ஜனம் வந்து உட்கார்ந்தால் எழுத்து மறையும். நாற்காலி காலியாக இருந்தால்தான் பெயர் தெரியும். முதல் ஆட்டத்தன்று லியோனா எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பெயர் முழுசாகத் தெரிந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் தெரிந்தது. அந்தப் பருவம் முடியும்வரை ஓர் எழுத்துக்கூட மறையவில்லை.

ஆற்றோரத் தார்த்தரையில் அடுப்பு மூட்டக் கூடாது, கூடாரம் அடிக்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். தார் மேல் நின்றுகொண்டு ஆறிப்போன ரொட்டியைத் தின்ன யார் வருவார்கள்? ஹாங்க் தன் வீட்டிலேயே டிவியில் வேறு ஊர் அணிகளைப் பார்க்கத் தொடங்கினான். மற்றவர்களும் அப்படித்தான். உள்ளே வந்துகொண்டிருந்த கொஞ்சம் பேரும் புல்லுக்கு வந்த சாக்கில் எட்டிப்பார்த்தவர்களே தவிர வேறில்லை. அவர்களும் நின்றுபோனார்கள். வெர்னின் புகையடுப்பு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சனிக்கிழமைகளில் அவன் காலையில் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். எங்கேயோ கிளம்புகிறவன் மாதிரியே சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பான்.

"ஹாங்க் வீட்டுக்குப் போயிட்டு வாயேன்," என்பாள் லியோனா.

"போய்?"

கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வான்.

அடுத்த வருஷம் ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் காப்பி வாங்க நின்றாள். கல்லாவில் இருந்த கல்லூரிப் பெண் தோழியிடம் கதை பேசிக்கொண்டே சில்லறை எடுத்தாள்.

"நேத்து சினிமாவுக்குப் போனோம்டி. கொட்டகை ஒரே கோல்பி."

"என்ன சொன்னே?" என்று லியோனா கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஈ காக்கா இல்லைன்னு அர்த்தம், மேடம். இங்க பசங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். மைதானத்துல ஒரு மாடம் இருக்குல்ல? அது மாதிரி."

லியோனா காப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அழக்கூட வரவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தெரிந்துவிட்டது. அவன் பெயர் இனி அழியாது. அந்த ஊரில் எது காலியாகக் கிடந்தாலும் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். வெர்ன் காதுக்கு இது எட்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது, அவனுக்கு இது எப்போதோ எட்டிவிட்டது.

பெரிய அணிகளின் கூட்டமைப்பு வெல்டனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ட்ரென்ட் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. டிவியில காட்டும்போது அந்தக் காலி நாற்காலிங்க ரொம்ப அசிங்கமாத் தெரியுதாம். கிழக்கு மாடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். எல்லா ஊர்லயும் செய்யறதுதான். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்னு…"

"சொல்லிட்டீங்கல்ல," என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வெர்னிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். மறுநாள் காலையில் அவள் மைதானத்துக்குக் கிளம்பியபோது அவன் வண்டிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

அத்தனை வருஷம் கழித்து அவன் அந்த வாசலுக்குள் நுழைந்தான். நேரே கிழக்கு மாடத்துப் படிகளில் ஏறினான். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. மேலே ஆட்கள் பச்சைத் தார்ப்பாயை உருட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு வரிசையாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் மரம் நின்ற இடத்துக்கு நேர் மேலே நின்றார்கள். அவளுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

"வெர்ன், நான்…"

"ஆஸ்பத்திரியில மூடியிருந்த துணியை நான்தான் தூக்கிப் பாத்தேன்," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். "நீ வாசல்லயே நின்னுட்டே. நான் உன்னை ஒண்ணும் சொல்லல. இதை நீ பாரு."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, வாசலில் மறைந்தான்.

அவள் நின்று பார்த்தாள். பெயர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. முடிந்ததும் ஆட்களில் ஒருவன் அவளை அதிகாரி என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"ஓரத்துல ஒரு எழுத்து மட்டும் வெளிய தெரியுதுங்க. பாய் கொஞ்சம் குட்டை. விட்டுடலாமா, இல்ல இன்னொரு துண்டு போட்டு மூடிடட்டுமா?"

"மூடிடுங்க," என்றாள் லியோனா.