கோரும் தீர்வு யாது?

ஜூலை ஒன்பதாம் தேதி வந்து சேர்ந்த கடிதம், அவளுடைய கணவனின் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்திருந்த காப்பீடு ஜூன் இருபத்தெட்டாம் தேதியே ரத்தாகிவிட்டது என்றது. மழையில் வண்டி சறுக்கி, பாலத்துத் தடுப்புச் சுவரில் அவன் கால் நசுங்கியது ஜூலை மூன்றாம் தேதி. ரத்துக்கும் விபத்துக்கும் இடையில் ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. காரணம் ஒரே வரியில் இருந்தது: ‘வாகனம் தொழிலுக்குப் பயன்படுவது மறைக்கப்பட்டது.’

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவள், அரை நாள் கூலியை விட்டுவிட்டு அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்கு வருவது இது நான்காம் முறை. கையில் எழுபத்தொன்றாம் எண் டோக்கன். பலகையில் ஐம்பத்திரண்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலிகளைத் தரையோடு திருகியிருந்தார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அவள் மடியில் பிளாஸ்டிக் உறை, அதனுள் கடிதமும் ஒரு புகைப்படமும்.

பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருவது அவன் வேலை. வண்டியின் பின்னிருக்கையில் சிவப்பு நிறக் குளிர்பெட்டி திருகப்பட்டிருக்கும். உடன் வேலை செய்பவர்கள் அவனை ‘ஐஸ்பெட்டி’ என்றே கூப்பிடுவார்கள். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது நிறுவனம் வண்டியின் படம் கேட்கும். அந்த ஒரு படத்துக்காக நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியை இறக்கி வைப்பது அவர்களிடையே வழக்கம். அவன் அதைச் செய்யவில்லை. வண்டியைக் கழுவி, பெட்டியையும் துடைத்து, அதன்மேல் கையை வைத்தபடி நின்று படம் எடுத்து அனுப்பினான்.

எழுபத்தொன்று வந்தது.

“சார், மறைச்சோம்னு எழுதியிருக்கீங்க. இது நீங்க கேட்டு நாங்க அனுப்பின படம். பெட்டி எம்மாம்பெருசா நிக்குது, பாருங்க.”

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “நிக்குதும்மா. அதைப் பாத்துத்தான் ரத்து பண்ணியிருக்காங்க.”

“பாத்துட்டீங்கன்னா அப்புறம் எப்படி சார் மறைச்சதாகும்?”

“விண்ணப்பத்துல சொந்த உபயோகம்னு இருக்கே.”

“அதை டைப் அடிச்சது உங்க ஆளு. இவரு கையெழுத்துதான் போட்டாரு. பணம் வாங்கின அன்னைக்குப் பெட்டி கண்ணுல படலையா? மூணு மாசம் கழிச்சுத்தான் பட்டுதா?”

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “எங்கிட்ட சண்டை போட்டு என்னம்மா பிரயோஜனம்? மேல மனு குடுங்க. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விட்டுடாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க” என்று ஒரு படிவத்தைத் தள்ளினார்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு: ‘தாங்கள் கோரும் தீர்வு யாது?’

நூலில் கட்டியிருந்த பேனாவை இழுத்துப் பிடித்து, ‘ரத்தை நீக்கி விபத்துத் தொகையை வழங்க வேண்டும்’ என்று எழுதினாள். அந்தத் தொகை வந்தால்தான் செயற்கைக் கால். நசுங்கிய காலை வெட்டியெடுத்த பின் முழங்காலுக்குக் கீழே எஞ்சியதை மருத்துவமனைப் பட்டறையில் அளவெடுத்து, மாவுக்கட்டு மாவில் அதன் அச்சும் வார்த்துவிட்டார்கள். முன்பணம் கட்டினால் வேலையைத் தொடங்குவார்கள். அவன் நடந்து வந்தால் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று தருவதாகப் பரிசோதனைக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

எழுதியதைப் படித்தபோது, கேட்டது மிக அதிகமோ என்று பயம் வந்தது. வெறுங்கையாக அனுப்பிவிட்டால்? மீதியிருந்த இடத்தில், ‘இல்லாவிட்டால் கட்டிய பணத்தையாவது திருப்பித் தர வேண்டும்’ என்று சேர்த்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கைப்பேசி ஒலித்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் வரவு.

“வந்துடுச்சுங்க! அசைஞ்சு குடுத்துட்டாங்க!” என்று கட்டிலருகே ஓடினாள்.

அவன் தொகையைப் பார்த்தான். “பெரிய மனசுதான். இதுக்கு ஒரு செருப்பு வாங்கலாம். ஒத்தையா குடுப்பானான்னு கேட்டுப் பாரு, பாதி விலை மிச்சம்.”

“வாயைப் பாரு. மீதி பின்னால வரும்.”

பின்னால் வந்தது கடிதம். மனுதாரர் கோரியபடி பணம் திருப்பித் தரப்பட்டதால் விபத்துத் தொகை பற்றிய கேள்வி இனி எழாது என்றிருந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். சலவைக்கடையில் சட்டை தீய்ந்துபோனால் முதலாளி இஸ்திரிக் கூலியை மட்டும் திருப்பிக் கொடுப்பார். வாங்கிக்கொண்ட பிறகு சட்டைக்கு யாரும் வாய் திறக்க முடியாது. எத்தனை பேர் அப்படிக் கூலியைப் பையில் போட்டுக்கொண்டு போனதை அவளே பார்த்திருக்கிறாள்!

மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாளரத்தில் வைத்தாள்.

“இது வேணாம் சார். எடுத்துக்கங்க. அந்த ரெண்டாவது வரியை அடிச்சிடுங்க.”

குமாஸ்தா நோட்டுகளைத் தொடவில்லை. “குடுத்ததைத் திரும்ப வாங்க இங்க வழியே இல்லம்மா. அப்படி ஒரு ரசீதே கிடையாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த வரியை ஏம்மா எழுதினீங்க?” என்றார்.

அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

அக்டோபரில் பட்டறையிலிருந்து ஆள் பேசினான். “அக்கா, ரெண்டு மாசத்துக்கு மேல அச்சு வைக்க மாட்டோம். அலமாரியில எடமில்ல. நாளைக்கு உடைச்சிடுவோம்.”

“உடைக்காதே தம்பி. நான் வந்து எடுத்துக்கறேன்.”

“அதை வெச்சு என்னக்கா பண்ணுவீங்க? கால் வத்த வத்த அளவும் மாறிடும்.”

ஆயினும் போனாள். வெள்ளையாக, கனமாக, அடியில் எண் எழுதி, அது அவள் கைக்கு வந்தது. கொண்டுபோயிருந்த துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். கூட்டம். கல்லூரிப் பெண்ணொருத்தி சட்டென்று எழுந்தாள்.

“கைக்கொழந்தையோட ஏன் நிக்கிறீங்க? உக்காருங்கக்கா.”

அவள் உட்கார்ந்தாள். விலகிய துண்டின் நுனியை இழுத்து மூடி, மடியில் இருந்ததை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

‘கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். நிறைவேறியது எது? நீங்கள் பதில் சொல்லுங்கள்.